பத்திலக்க எண் ஒன்றின் கதை

சென்ற ஞாயிறு பிற்பகல் நாம் விறாந்தையிற் சாய்மனைக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு சற்றே கண்ணயர எண்ணியிருந்த வேளையில், அயல் வீட்டு மாணவன் கொப்பியும் பென்சிலுமாக வந்து நின்றான். உயர்தர வகுப்பிற் கணிதம் பயில்பவன். எதையும் ஏன், எப்படி என்று கேட்காமல் விடாத பிள்ளை.

"மாமா, எங்கட வாத்தியார் ஒரு எண் தந்திருக்கிறார். கல்குலேற்றரைத் தொடக்கூடாதாம். இது முதன்மை எண்ணோ, சேர்த்தி எண்ணோ என்று சொல்ல வேணும்."

கொப்பியை வாங்கிப் பார்த்தோம். 4294967297 என்று எழுதியிருந்தது. நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது இலட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. நெடுநாட் பழகிய ஒருவரைச் சந்தியிற் கண்டது போன்ற மகிழ்ச்சி நமக்கு உண்டாயிற்று. ஏனெனில் இது யாரோ போகிற போக்கிற் கிறுக்கிவிட்ட எண் அன்று. மேதை ஒருவர் ஆயுள் முழுவதும் நம்பியிருந்த ஒரு கொள்கையைக் கவிழ்த்த எண் இது.

முதன்மை எண் என்றால் யாதென்பதை வீட்டிலுள்ள பெரியவர்களிற் சிலர் மறந்திருக்கக்கூடும். ஒன்றினாலும் தன்னாலுமன்றி வேறெந்த முழுவெண்ணினாலும் மீதியின்றி வகுபடாத எண் முதன்மை எண். 7, 13, 29 என்பன அத்தகையன. 15 அத்தகையதன்று, 3ஆலும் 5ஆலும் வகுபடும். ஆதலின் அது சேர்த்தி எண்.

இனி நம் பத்திலக்க எண்ணின் பிறப்பைப் பார்ப்போம். 2ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதனை அதனாலேயே பெருக்கினால் 4. நான்கை நான்காற் பெருக்கினால் 16. பதினாறைப் பதினாறாற் பெருக்கினால் 256. அதனை மீண்டும் அவ்வாறு செய்தால் 65536. இன்னும் ஒரு முறை செய்தால் 4294967296. சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு நெல்மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்து வைக்கச் சொன்ன பழங்கதையை அறியாத தமிழ்ப் பிள்ளை இல்லை. அப்பலகையின் 33ஆம் கட்டத்தில் வந்து விழும் நெல்மணிகளின் தொகை இதுவே. 2இன் 32ஆம் வலு என்று பாடசாலையிற் சொல்வர்.

இவை ஒவ்வொன்றுடனும் ஒன்றைக் கூட்டுங்கள். 3, 5, 17, 257, 65537 என வரும். இவ்வைந்தும் முதன்மை எண்கள். பிழையின்றி வந்த இந்த வரிசையைப் பார்த்தவர் எவருக்கும், ஆறாவதாக வரும் 4294967297உம் அவ்வாறே இருக்கும் என்று சொல்லத்தானே தோன்றும்? பிரான்சு தேசத்துத் துலூஸ் நகரில் நீதிமன்ற அதிகாரியாயிருந்த பியர் டி பேர்மாவுக்கும் அப்படித்தான் தோன்றிற்று.

பேர்மா தொழிலாற் சட்டவல்லுநர். கணிதம் அவருக்கு ஓய்வு நேர இன்பம். நூல் எழுதி அச்சிடும் வழக்கம் அவரிடம் பெரிதும் இல்லை. கண்டவற்றையெல்லாம் நண்பர்களுக்குக் கடிதங்களாகவே எழுதி வந்தார். 1640ஆம் ஆண்டு பிரெனிக்கிள் என்பவருக்கு எழுதியபோது, இந்த வரிசையில் வரும் எண்கள் யாவும் முதன்மை எண்களே என்று தாம் நம்புவதாகவும், ஆயினும் நிறுவல் தமக்கு இன்னும் அகப்படவில்லை என்றும் தெரிவித்தார். பதினான்கு ஆண்டுகள் கழிந்து, 1654இல், பாஸ்கலுக்கு எழுதிய கடிதத்திலும் அதே நம்பிக்கை. நிறுவல் கைகூடவில்லையென்ற அதே ஒப்புதல். பேர்மாவின் நேர்மை இவ்விடத்திற் பாராட்டத்தக்கது. தெரியாததைத் தெரிந்தது போலக் காட்டாமல், நம்பிக்கையை நம்பிக்கை என்றே எழுதினார். ஆனால், அவர் சொன்னாரென்றால் சரியாய்த்தான் இருக்கும் என்று பின்வந்தோர் வாளாவிருந்து விட்டனர்.

அவர்களை நாம் குறை கூறவும் இயலாது. ஓர் எண்ணை முதன்மை எண்ணென உறுதிப்படுத்த, அதன் வர்க்கமூலம் வரையுள்ள முதன்மை எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்த்தாற் போதும். 65537க்கு இது பெரிய காரியமன்று: 256 வரை 54 முதன்மை எண்கள் மாத்திரமே உள. ஒரு பகற்பொழுதில் முடித்துவிடலாம். 4294967297க்கோ 65536 வரை போக வேண்டும். அவ்வளவுக்குள் 6542 முதன்மை எண்கள் இருக்கின்றன. இறகுப் பேனாவும் மைக்கூடும் வைத்துக்கொண்டு 6542 நெடும் வகுத்தல்கள்!

பேர்மா மறைந்தது 1665இல். 1729 திசம்பரில், ருசியாவின் செயின்ற் பீற்றர்ஸ்பேர்க் கல்விக் கழகத்தில் இருபத்திரண்டு வயது இளைஞரொருவருக்குக் கடிதம் ஒன்று வந்தது. எழுதியவர் கோல்ட்பாக். பெற்றவர் லெயோனார்ட் ஒயிலர். பேர்மா இவ்வாறு ஒரு கூற்றைச் சொல்லியிருக்கிறாரே, அறிவீரோ? அவரும் நிறுவவில்லை, வேறெவரும் நிறுவியதாகத் தெரியவில்லை என்பதே கடிதத்திற் கண்ட விடயம். ஒயிலர் முதலில் அதிற் பெரிதாக ஊக்கங் காட்டவில்லை. ஆயினும் விதை விழுந்துவிட்டது. 1732இல் அவர் கழகத்தின் முன் வைத்த சிறு கட்டுரையொன்றிற் சில வரிகளில் முடிவைச் சொல்லிவிட்டார்: 4294967297 என்பது 641ஆல் மீதியின்றி வகுபடும். ஈவு 6700417.

தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள் நின்ற நம்பிக்கை சரிந்தது மூன்றிலக்க எண்ணொன்றினால்!

"அப்ப அவர் 641 வரை ஒவ்வொன்றாய் வகுத்துப் பார்த்தாரோ?" என்று கேட்டான் மாணவன்.

நல்ல வினா. முதன்மை எண்களை வரிசையாக எடுத்தால் 641 என்பது 116ஆவதாக வரும். 115 முறை தோற்ற பின்னரே வெற்றி. பொறுமையுள்ளவருக்கு அதுவும் இயலாததன்று. ஆயின் அவ்வளவு தேவையில்லை. குறுக்கு வழியொன்று உண்டு. ஒயிலர் அதனைப் பிற்காலக் கட்டுரையொன்றில் விளக்கியிருக்கிறார். வியப்பு என்னவென்றால், அவ்வழிக்குத் திறவுகோலாயிருப்பது பேர்மாவே கண்ட ஒரு விதி.

பொறுமையுடன் பின்தொடர்க. 2, 4, 8, 16, 32 என இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றையும் 17ஆல் வகுத்து மீதியை மட்டும் எழுதுங்கள். 2, 4, 8, 16, 15, 13, 9, 1. எட்டாம் படியில் 1 வந்தது. அதன் பின்னர் மீண்டும் 2, 4, 8 என்று பழைய பல்லவியே. சுற்றின் நீளம் 8. பேர்மாவின் விதி சொல்வது இது: 2ஐ விடப் பெரிய எந்த முதன்மை எண்ணை எடுத்தாலும், அதனில் ஒன்று குறைந்த படியில் மீதி 1 கட்டாயம் வரும். 17க்கு அது 16ஆம் படி. ஆகவே சுற்றின் நீளம் அந்த 16ஐச் சரியாக வகுக்க வேண்டும். எட்டிரண்டு பதினாறு, வகுக்கிறது.

இப்பொழுது 4294967297ஐ ஒரு முதன்மை எண் வகுக்கிறதென்று கொள்வோம். இந்த எண் 2இன் 32ஆம் வலுவிலும் ஒன்று கூடியது. எனவே 32ஆம் படியில் வரும் மீதி, அந்த முதன்மை எண்ணில் ஒன்று குறைந்ததாயிருக்கும். 64ஆம் படியிலேதான் முதன்முதலாக மீதி 1 வரும். அதாவது சுற்றின் நீளம் 64. ஆகவே அந்த முதன்மை எண்ணில் ஒன்றைக் கழித்தால் 64இன் மடங்கு வந்தேயாக வேண்டும்.

மடங்குகளுடன் ஒன்றைக் கூட்டி எழுதிப் பாருங்கள். 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இவற்றில் 65, 129, 321, 385, 513 ஆகியன முதன்மை எண்களல்ல, தள்ளிவிடலாம். எஞ்சியவை ஐந்து. 193ஆல் வகுத்தால் மீதி 109. 257க்கு மீதி 2. 449க்கு 325. 577க்கு 288. ஐந்தாவதாகிய 641க்கு மீதி இல்லை.

6542 வகுத்தல்கள் என்று அஞ்சியது ஐந்து வகுத்தல்களில் முடிந்துவிட்டது. மாணவன் நம்மை ஐயத்தோடு நோக்கினான். "நீங்கள் வகுத்துப் பார்த்தீங்களோ, மாமா?"

இதென்ன பெரிய காரியம் என்று கொப்பியை வாங்கி, அவன் கண்முன்னே வகுத்தோம். மீதி 359 வந்தது! மறுபடியும் செய்தோம். மறுபடியும் 359. நூலிலே பிழையிருக்கலாமோ என்றுகூட ஒரு கணம் எண்ணினோம் என்பதை ஒளிக்காமற் சொல்லிவிடுகிறோம். பையன் குனிந்து பார்த்துவிட்டு, மெல்லிய குரலில், "மாமா, 2672இல் 2564 போனால் 108. நீங்கள் 118 எண்டு போட்டிருக்கிறீங்கள்" என்றான். இரண்டாம் முறையும் அதே இடத்தில் அதே பிழையை விட்டிருந்தோம். முதற் கணக்கைப் பார்த்துப் பார்த்தே எழுதியதன் பயன் அது. பாடசாலை நாட்களிற் கணிதத்திற் பரிசு வாங்கியவர் என்று நம்மைப்பற்றி வீட்டிலே ஒரு பேச்சு உண்டு. அன்றைக்கு அதை எவரும் எடுக்கவில்லை.

இச்சிறு விபத்தை நாம் எழுதக் காரணம் உண்டு. பேர்மா ஏன் 641ஐக் காணவில்லையென்பது கணித வரலாற்றாசிரியர்கள் பலரை வாட்டிய வினா. இந்தச் சல்லடை அவர் கையிலேயே இருந்தது. அதே 1640ஆம் ஆண்டில், 2இன் 37ஆம் வலுவில் ஒன்று குறைந்த 137438953471 என்னும் பன்னிரண்டிலக்க எண்ணை எடுத்து, இதே முறையால், அது 223ஆல் வகுபடும் என்று மேர்சென் பாதிரியாருக்கு எழுதியவர் அவர். அங்கே 149ஐயும் 223ஐயும் சோதித்தாற் போதுமானதாயிருந்தது. இங்கே ஐந்து எண்கள். பன்னிரண்டிலக்க எண்ணை உடைத்தவர் பத்திலக்க எண்ணிலே தவறியதெப்படி? அவரும் வகுத்துப் பார்த்திருப்பார், நடுவே ஓரிடத்திற் கைபிசகி மீதி வந்திருக்கும், தம் கையில் ஐயங்கொள்ளாது அப்பாற் போயிருப்பார் என்று கருதுவோர் உளர். 108க்குப் பதிலாக 118 எழுதிய நமக்கு இக்கருத்து மிகவும் பிடித்துவிட்டது.

வேறொரு காரணமும் சொல்லப்படுவதுண்டு. பேர்மாவின் விதியையே சோதனையாகக் கொண்டு, ஓர் எண்ணை முதன்மை எண்தானா என்று 2இன் வலுக்களால் ஆராயலாம். 'ஒன்று குறைந்த படியில் மீதி 1 வருகிறதா' என்று பார்ப்பதே சோதனை. 4294967297 இந்தச் சோதனையில் அழகாகத் தேறிவிடும். முதன்மை எண்ணல்லாதிருந்தும் முதன்மை எண்ணின் வேடம் அதற்கு அவ்வளவு பொருந்துகிறது. விதி ஒரு திசையிலேதான் உண்மை. மறுதிசையில் ஓட்டினால் ஏமாற்றிவிடும்.

வகுத்தலில் நம்மைப் போலக் கைபிசகுவோருக்கு, வகுக்காமலே உண்மையைக் காணும் வழியொன்றையும் தருகிறோம். மாணவர்கள் பென்சிலை எடுத்துக்கொள்க. 641ஐ இருவிதமாகப் பிரிக்கலாம்: ஒன்று 640 + 1, மற்றது 625 + 16. இதில் 640 என்பது ஐந்து முறை 128. 128 என்பது 2இன் 7ஆம் வலு. 625 என்பது 5இன் 4ஆம் வலு. 16 என்பது 2இன் 4ஆம் வலு.

முதலாவதாக, 640இன் வர்க்கத்தில் ஒன்றைக் கழித்தால் அது 639 × 641. ஆகவே 640இன் 4ஆம் வலுவில் ஒன்றைக் கழித்தாலும் 641ஆல் வகுபடும். அந்த 4ஆம் வலுவோ, 625ஐ 2இன் 28ஆம் வலுவாற் பெருக்கியது.

இரண்டாவதாக, 641ஐயே 2இன் 28ஆம் வலுவாற் பெருக்குங்கள். இதுவும் 641ஆல் வகுபடும் என்பதற்குச் சாட்சி வேண்டியதில்லை. 641 என்பது 625 + 16 ஆதலால், இப்பெருக்கம் இரண்டு கூறாகப் பிரியும். ஒரு கூறு முன் சொன்ன 640இன் 4ஆம் வலு. மற்றக் கூறு 2இன் 32ஆம் வலு.

இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழியுங்கள். 640இன் 4ஆம் வலு அடிபட்டுப் போகும். எஞ்சுவது 2இன் 32ஆம் வலுவும் ஒன்றும், நம் எண்ணேதான். 641ஆல் வகுபடும் இரண்டின் வித்தியாசமும் 641ஆல் வகுபட வேண்டுமல்லவா? ஒரு வகுத்தலும் இல்லாமல் 4294967297 விழுந்துவிட்டது. இதைப் பார்த்ததும் பையன் "அட!" என்றான். அந்த 'அட'வுக்காகவே கணிதம் படிக்கலாம் என்பது நம் கட்சி.

இந்த எண்ணை மனத்தாலேயே உடைத்த சிறுவன் ஒருவனும் உண்டு. அமெரிக்காவில் வெர்மொன்ற் மாகாணத்தில் 1804இற் பிறந்த சீரா கோல்பேர்ண். எட்டு வயதளவில் தந்தையார் அவனை இலண்டன் மாநகருக்குக் கூட்டிச் சென்று சபைகளிற் காட்டினார். அங்கே 4294967297 உடைபடுமா என்று கேட்டவர்களுக்குச் சிறிது நேரத்தில் 641 × 6700417 என்று விடை கூறினானாம். எவ்வாறு கண்டாய் என்ற வினாவுக்குத்தான் அவனாற் பதிலிறுக்க முடியவில்லை. ஒயிலருக்குத் தெரிந்திருந்த காரணம் அச்சிறுவனுக்குத் தெரியாது. ஆயினும் இருவரும் நின்றது ஒரே எண்ணில்.

பேர்மாவின் நம்பிக்கை பொய்த்ததனால் அவருடைய எண்கள் மதிப்பிழந்து போயினவா என்றால், இல்லை. 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தையும் பெருக்கிப் பாருங்கள். 4294967295 வரும். நம் எண்ணில் இரண்டு குறைவு. முன்னே 257ஆல் வகுத்தபோது மீதி 2 வந்ததன் மர்மம் இதுதான். இவ்வரிசையில் எந்த எண்ணும் தனக்கு முன்வந்த எல்லாவற்றின் பெருக்கத்திலும் இரண்டு கூடியது. ஆகவே வரிசையில் எவ்விரண்டு எண்களுக்கும் பொதுக் காரணி கிடையாது. ஒவ்வொன்றும் புதிய முதன்மை எண் ஒன்றையேனும் கொண்டுவரும், வரிசைக்கோ முடிவில்லை, ஆதலின் முதன்மை எண்களுக்கும் முடிவில்லை. பேர்மா தேடியது கிடைக்கவில்லை. தேடிய இடத்தில் வேறொன்று கிடந்தது.

1796இல் ஜேர்மனியிற் பத்தொன்பது வயதுகூட நிரம்பாத கவுஸ் என்னும் இளைஞர் மேலும் ஒரு புதுமையைக் கண்டார். கவராயமும் வரைகோலும் மாத்திரம் கொண்டு பதினேழு பக்கமுடைய ஒழுங்கான பல்கோணியை அமைக்கலாம் என்பதே அது. கிரேக்கர் காலந்தொட்டு எவரும் காணாதது. 17க்கு அப்பேறு கிடைத்தது, அது பேர்மாவின் வரிசையில் வந்த முதன்மை எண்ணாயிருந்தமையால். 257க்கும் 65537க்கும் அது பொருந்தும். ஹேர்மஸ் என்பவர் 65537 பக்கமுடைய பல்கோணியின் அமைப்பை எழுதுவதிலே பத்து ஆண்டுகள் செலவிட்டார். அக்கையெழுத்துப் பிரதி கெற்றிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. இது அரிய பெரிய உழைப்போ, வீண் உழைப்போ என்று நம்மிடம் கேட்டால், வீட்டாரைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்போம். 4294967297 பக்கமுடைய பல்கோணியைக் கவராயத்தால் அமைக்க இயலாது. 641 அதைக் கெடுத்துவிட்டது. ஆயின் அதனில் இரண்டு பக்கம் குறைந்ததை, கொள்கையளவில், அமைக்கலாம்.

65537க்கு இன்னொரு வாழ்வும் வாய்த்தது. இணையத்தின் வழியே வங்கிக் கணக்கைத் திறக்கும்போது செய்திகளைப் பூட்டும் முறைகளில் அந்த எண் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. அப்பூட்டின் வலிமை, பெரிய எண்ணொன்றைக் காரணிகளாக உடைப்பது எளிதன்று என்பதிலேயே தங்கியிருக்கிறது.

பேர்மாவின் வரிசையில் 65537க்குப் பின்னர் இன்றுவரை ஒரு முதன்மை எண்கூட அகப்படவில்லை. 4294967297இலிருந்து அடுத்தடுத்து வரும் இருபத்தெட்டு எண்களும் சேர்த்தி எண்களே என்று காட்டப்பட்டாயிற்று. எல்லாம் முதன்மை என்று ஒருவர் நம்பிய வரிசையில், ஐந்துக்கு மேல் ஒன்றுமே தேறவில்லை! 39 இலக்கங்கொண்ட எட்டாவது எண்ணைக் கணினியின் துணையோடு 1970இல் மொறிசனும் பிறில்ஹாட்டும் இரு காரணிகளாக உடைத்தனர். சேர்த்தி எண் என்று நிறுவப்பட்டிருந்தும், காரணி ஒன்றேனும் கண்ணிற் படாதவையும் இவ்வரிசையில் உள.

பையன் கொப்பியை மடித்துக்கொண்டு எழுந்தான். எழுந்தவன் சும்மா போகவில்லை. "அப்ப ஏழாவது எண்?" என்றான்.

ஏழாவது எண் 18446744073709551617. சதுரங்கப் பலகையின் அறுபத்து நான்கு கட்டங்களிலும் சேர்ந்த நெல்மணிகளின் முழுத் தொகையிலும் இரண்டே கூடியது. பிரான்சிலே லாண்டிறி என்னும் முதியவர் தமது எண்பத்திரண்டாம் வயதில், 1880இல், அதன் காரணியை வெளியிட்டார். கல்குலேற்றர் இல்லாத காலம் என்பதைக் கவனிக்க. அக்காரணியை நாம் அவனுக்குச் சொல்லவில்லை. ஒன்றைக் கழித்தால் 256இன் மடங்காயிருக்கும் எண்களை மட்டும் பார்த்தாற் போதும் என்று ஒரு குறிப்புக் கொடுத்து, ஆயிரத்துச் சொச்சம் எண்களைக் கடந்து போக வேண்டியிருக்கும் என்று எச்சரித்தும் அனுப்பினோம்.

விடை 274177. அவன் இந்தப் பத்திரிகையைப் பார்க்கும் முன்னர் தானே கண்டுபிடித்துவிடுவான் என்று நினைக்கிறோம். நேற்றிரவு பதினொரு மணிக்கும் அயல் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.